வேலை தேடிய உலைகள்: அணுவாற்றலால் ஹைட்ரஜன் எடுக்கும் முயற்சியின் வரலாறு

ஜப்பானின் ஓராய் நகரிலுள்ள அணு ஆய்வு வளாகத்தில் 2019 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவி 150 மணி நேரம் ஓடி, வெப்பத்தாலும் வேதிவினைகளாலும் மட்டுமே தண்ணீரைப் பிரித்தது. கிடைத்த ஹைட்ரஜன் மணிக்குச் சுமார் 30 லிட்டர். லிட்டரில் சொன்னால் கணிசமாகத் தெரியும். எடை போட்டால் அந்த 150 மணி நேரத்துக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்குக் குறைவு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் நிற்கும் நைன் மைல் பாயின்ட் அணுமின் நிலையத்தில் 1 மெகாவாட் மின்னாற்பகுப்புக் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் திறன் நாளொன்றுக்கு 560 கிலோ.

முதலாவது, இத்தாலி, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் என நான்கு நாடுகளின் அரை நூற்றாண்டு ஆய்வுக்கு வாரிசு. இரண்டாவதில் புதிய அறிவியல் ஏதுமில்லை. எந்த ஆலையும் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தக்கூடிய கருவிதான். ஆய்வகங்கள் முன்னதை எதிர்காலம் என்றன. நடைமுறைக்கு வந்தது பின்னது.

இந்த முரணை வேதியியலின் கடினத்தைக் காட்டி விளக்குவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் திட்டங்கள் பிறந்த ஆண்டுகளையும் கைவிடப்பட்ட ஆண்டுகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஹைட்ரஜன் தேவைப்பட்டவர்கள் அணுஉலையின் கதவைத் தட்டியது அபூர்வம். உலையைக் கட்டியவர்கள்தான் அதற்கு வேலை தேடி ஹைட்ரஜனிடம் போனார்கள். வேலை தேடவேண்டிய நெருக்கடி தீர்ந்தபோதோ, வேலை கொடுக்கும் அளவுக்குச் சந்தை இல்லாதபோதோ, திட்டமும் நின்றது.

ஹைட்ரஜன் ஆலையின் பிள்ளை

தொடக்கத்தில் உறவு நேர் எதிராக இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. நார்வேயின் ரியூக்கான் பள்ளத்தாக்கில், வேமோர்க் நீர்மின் நிலையத்தை ஒட்டி, நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1920களின் இறுதியில் பெரிய மின்னாற்பகுப்பு ஆலையை நிறுவியது. நோக்கம் உரம்: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து அம்மோனியா. தண்ணீரைப் பிரிக்கும்போது சாதாரண ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறும். அதன் கனமான வகையான டியூட்டிரியம் மிச்ச நீரில் தங்கிச் சேரும். ஹரால்ட் யூரி டியூட்டிரியத்தைக் கண்டறிந்த 1931க்கு மூன்றே ஆண்டுகளில், 1934 முதல், வேமோர்க்கில் கனநீர் வணிகப் பொருளானது. 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் அந்த ஆலைக்குள் புகுந்து குண்டு வைத்த கதை பலருக்கும் தெரிந்தது. நம் பேசுபொருளுக்கு முக்கியமானது வேறு: அணுஉலைக்கு வேண்டிய ஒரு பொருள் உர ஆலையின் உபரியாகப் பிறந்தது.

இந்தியாவிலும் அதே வழிதான். பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணையின் மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுத்து உரம் தயாரித்த ஆலையோடு இணைந்து 1962இல் நாட்டின் முதல் கனநீர் ஆலை எழுந்தது. தூத்துக்குடியில் 1978இல் வந்த கனநீர் ஆலை ஸ்பிக் உரத் தொழிற்சாலையின் அம்மோனியாவுக்கான வாயுவை வாங்கி, டியூட்டிரியத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மீதியை உர ஆலைக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டில் அமைந்தது. உர ஆலை நின்றால் கனநீரும் நிற்கும். அந்தச் சார்பை அணுசக்தித் துறை நன்றாகவே அறிந்திருந்தது.

போர்க்களத்துக்கு ஒரு உலை, பாலைவனத்துக்கு ஒரு நகரம்

உலையைக் கொண்டு எரிபொருள் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு முதலில் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். போர்முனைக்கு எண்ணெய் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்ததால், 1960களின் முற்பாதியில் நடமாடும் சிறிய அணுஉலை ஒன்றால் காற்றையும் தண்ணீரையும் கொண்டு அம்மோனியா செய்து வண்டிகளுக்கு ஊற்றலாமா என்று ஆராய்ந்தார்கள். நான் மேலே சொன்ன விதிக்கு இது விதிவிலக்கு. இங்கே எரிபொருள் தேவைப்பட்டவரே உலையைத் தேடினார். அந்தத் திட்டம் உருப்பெறவில்லை. ஆனால் அதில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபங்க், ரைன்ஸ்ட்ராம் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் அடித்தளமாயிற்று. தண்ணீரை வெறும் சூட்டால் உடைக்க 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். எந்த உலையாலும் அது ஆகாது. இடையில் வேறொரு பொருளை நுழைத்து, வினையைப் படிகளாகப் பிரித்தால் குறைந்த வெப்பமே போதும். இரண்டே படிகளில் இதை முடித்துவைக்கும் பொருள் தென்படவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. படிகளைக் கூட்டவேண்டும் என்ற குறிப்பு அதற்குள்ளேயே இருந்தது.

அதே பத்தாண்டில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் இயக்குநர் ஆல்வின் வைன்பெர்க் வேறு கனவு கண்டார். கடற்கரைப் பாலைவனத்தில் மாபெரும் உலை, அதன் வெப்பத்தில் கடல்நீர் நன்னீராகும், அதன் மின்சாரத்தில் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் அலுமினியமும் உருவாகும், சுற்றிலும் வயல். 1968இல் ஓக் ரிட்ஜ் இதை விரிவான அறிக்கையாக வெளியிட்டது. விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய அணுசக்தித் துறையும் மேற்கு உத்தரப் பிரதேசத்துக்கும் சௌராஷ்டிரக் கடற்கரைக்கும் இத்தகைய வேளாண் தொழில் வளாகங்களை ஆராய்ந்தது. இந்தக் கனவுகளின் அடியில் ஒரே ஓர் அனுமானம்: அணுமின்சாரம் கொள்ளை மலிவாகும். அது மலிவாகவில்லை. அனுமானம் விழுந்ததும் நகரங்களும் விழுந்தன.

இஸ்ப்ரா

உலை வேலை தேடிய கதை மிகத் துல்லியமாகத் தெரியும் இடம் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையிலுள்ள இஸ்ப்ரா. ஐரோப்பிய அணுசக்திச் சமூகமான யூராட்டம் அங்கே நடத்திய ஆய்வு மையத்தின் தலையாய பணி, கனநீரும் கரிமத் திரவமும் கொண்டு இயங்கும் ஓர்கெல் என்ற உலையை வடிவமைப்பது. 1960களின் இறுதியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பெரிய ஆய்வகமும் தேர்ந்த வேதியியலாளர்களும் மிஞ்சினார்கள், பணி இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் செசாரே மார்கெட்டி என்ற இயற்பியலாளரின் யோசனை வேர்பிடித்தது.

அவர் வாதம் எளிமையானது. உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரம் ஒரு சிறு பங்குதான். மற்றதெல்லாம் எரிபொருள்: வண்டி, கப்பல், உருக்காலை, குளிர்நாட்டு வீடுகளின் கணப்பு. அணுஉலை மின்சாரத்தை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் அந்தச் சிறு பங்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வெளியே வர அதற்கு ஒரு வாகனம் வேண்டும். குழாயில் ஓடக்கூடிய, தேக்கிவைக்கக்கூடிய ஹைட்ரஜனே அந்த வாகனம். 1973 ஜனவரியில், எண்ணெய் நெருக்கடிக்கு ஒன்பது மாதம் முன்பு, ஜப்பானிய இதழ் ஒன்றில் அவர் இதை முழுமையாக எழுதினார். பின்னாளில் பசிபிக் தீவுகளில் ராட்சத உலைகளை நிறுவி, திரவ ஹைட்ரஜனைக் கப்பலில் அனுப்புவது வரை அவர் கற்பனை போனது. கவனிக்கவேண்டியது வாதத்தின் எழுவாய். ஹைட்ரஜன் யாருக்கு வேண்டும் என்பதிலிருந்து அது தொடங்கவில்லை. அணுஉலைக்குச் சந்தை எப்படிப் பெருகும் என்பதிலிருந்து தொடங்கியது.

மின்னாற்பகுப்பு ஏன் போதவில்லை? கணக்கு இதுதான். சாதாரண அணுமின் நிலையம் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும்போது இன்னொரு பகுதி இழப்பு. கடைசியில் ஹைட்ரஜனாகக் கைக்கு வருவது உலை வெப்பத்தின் கால் பங்கு. மின்சாரம் என்ற இடைத்தரகரை விலக்கிவிட்டு வெப்பத்தையே நேராக வேதிவினைக்குள் செலுத்தினால் பாதிவரை எட்டலாம் என்பது எதிர்பார்ப்பு.

மார்கெட்டியும் ஜான்ஃபிராங்கோ தெ பெனியும் வகுத்த முதல் சுழற்சிக்கு மார்க் 1 என்று பெயர். கால்சியம் புரோமைடு 730 டிகிரியில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் புரோமைடைத் தரும். அது பாதரசத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அடுத்த இரு படிகளில் ஆக்சிஜன் வெளியேறி, கால்சியம் புரோமைடும் பாதரசமும் பழைய நிலைக்குத் திரும்பும். தாளில் அழகான வட்டம். ஆலை அளவில் நினைத்துப் பார்த்தால், டன் கணக்கான பாதரசம் கொதிநிலைக்கு மேல் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது ஓர் இணைப்பு கசிந்தால் ஏரியின் கதி என்ன? மார்க் 1 கைவிடப்பட்டது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட சுழற்சிகள் எண்ணிடப்பட்டு வந்தன. கந்தகமும் புரோமினும் கொண்ட மார்க் 13, 1978இல் ஆய்வக மேசையில் தொடர்ந்து இயங்கிக் காட்டியது. 1983இல் திட்டம் முடிந்தது. அதற்குள் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியிருந்தது.

கந்தகமும் அயோடினும்

இடைப்பட்ட காலத்தில் ஹைட்ரஜன் ஓர் இயக்கமாகவே மாறியிருந்தது. 1974 மார்ச்சில் மயாமியில் துருக்கிய அமெரிக்கப் பேராசிரியர் நெஜாத் வெசிரோலு கூட்டிய மாநாடு, அதே ஆண்டு ஒரு பன்னாட்டுச் சங்கம், 1976இல் ஓர் ஆய்விதழ். கலிஃபோர்னியாவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் கந்தக அயோடின் சுழற்சியை வகுத்ததும் இந்த ஆண்டுகளில்தான். அதன் பின்னணியையும் சொல்லவேண்டும். ஹீலியத்தால் குளிரும் உயர்வெப்ப உலைகளை விற்றுவந்த அந்த நிறுவனத்துக்கு வந்திருந்த பெரிய ஆர்டர்கள் 1970களின் நடுவில் ஒவ்வொன்றாக ரத்தாயின. மின்வாரியங்கள் சாதாரண நீர் உலைகளே போதும் என்றன. தன் உலையால் மட்டுமே முடியும் ஒரு வேலையை அந்த நிறுவனம் காட்டியாக வேண்டியிருந்தது.

சுழற்சி மூன்று படி. தண்ணீர், கந்தக டை ஆக்சைடு, அயோடின் மூன்றும் சுமார் 120 டிகிரியில் சேர்ந்து இரண்டு அமிலங்களைத் தரும்: கந்தக அமிலம், ஹைட்ரயோடிக் அமிலம். முன்னதை 850 டிகிரியில் உடைத்தால் ஆக்சிஜன். பின்னதை 450 டிகிரி அளவில் உடைத்தால் ஹைட்ரஜன். கந்தகமும் அயோடினும் மீண்டும் முதல் படிக்கு. தண்ணீரைத் தவிர எதுவும் செலவாவதில்லை. மேலும், மார்க் 1 போலத் திண்மப் பொருள்களைச் சுமந்து மாற்றவேண்டியதில்லை. எல்லாமே திரவமும் வாயுவும்.

ஆனால் கொதிக்கும் கந்தக அமிலத்தைத் தாங்கும் உலோகம் எது? ஹைட்ரயோடிக் அமிலமும் தண்ணீரும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றாகவே கொதிப்பவை. எளிய காய்ச்சி வடித்தலால் அவற்றைப் பிரிக்க முடியாது. இரு அமிலங்களும் பிரிவதற்காக மிகையாகச் சேர்க்கும் அயோடின், வினையில் பங்கெடுக்காமலே சுற்றிச் சுற்றி வந்து வெப்பத்தைத் தின்னும். தாளில் பாதியாக இருந்த செயல்திறன் இத்தகைய இழப்புகளால் தேய்ந்தது. வெஸ்டிங்ஹவுஸ் இதற்கு ஒரு சமரசம் கண்டது: அயோடின் படியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சிறிதளவு மின்னாற்பகுப்பு.

ஜெர்மனியின் பாதை தனி. யூலிஷில் கூழாங்கல் வடிவ எரிபொருளில் ஓடிய ஏவிஆர் சோதனை உலை 1974இல் 950 டிகிரி ஹீலியத்தை வெளியேற்றிக் காட்டியது. ஜெர்மானியர்கள் தண்ணீரைப் பிரிக்க அவசரப்படவில்லை. அணு வெப்பத்தால் கையிலிருந்த நிலக்கரியை வாயுவாக்கவும் மீத்தேனை உடைக்கவும் நினைத்தார்கள். மீத்தேனை நீராவியோடு சேர்த்து உடைக்கும் ஈவா 2 என்ற 10 மெகாவாட் கருவி 1981 முதல் 1986 வரை வெற்றிகரமாகவே ஓடியது. ஆனால் அதற்குள் பாய்ந்த ஹீலியத்தைச் சூடாக்கியது உலையல்ல, மின்சாரம். 1986இல் எண்ணெய் விலை சரிந்தது, செர்னோபில் வெடித்தது. 1988 இறுதியில் ஏவிஆர் நிறுத்தப்பட்டது; அடுத்த ஆண்டு அதன் பெரிய தம்பியான டிஎச்டிஆரும்.

இரண்டாம் அலை

1990களில் தீபத்தை அணையாமல் காத்தது ஜப்பான் மட்டும். ஓராயில் 30 மெகாவாட் வெப்பத் திறனுள்ள எச்டிடிஆர் உலை 1998 நவம்பரில் முதன்முறை தொடர்வினையை எட்டியது. 2004 ஏப்ரலில் 950 டிகிரியை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு கந்தக அயோடின் கருவி கண்ணாடிக் கலங்களில் ஒரு வாரம் தொடர்ந்து ஓடியது. அமெரிக்காவில் 2003 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஹைட்ரஜன் வாகனங்களுக்கு 120 கோடி டாலர் அறிவித்தார். 2005ஆம் ஆண்டு ஆற்றல் சட்டம் ஹைட்ரஜனும் தரக்கூடிய புதிய உலை ஒன்றை ஐடஹோவில் கட்டச் சொன்னது. அப்போது இயற்கை எரிவாயு விலை ஏறிக்கொண்டிருந்தது. காலநிலை கவலையும் சேர்ந்தது. உலகின் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், ஒரு கிலோவுக்கு 9 அல்லது 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அணுவுக்கு இது உண்மையான வாய்ப்புதான்.

பாறை எரிவாயு அந்த வாய்ப்பைப் பறித்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க எரிவாயு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. 2011 அக்டோபரில் அமெரிக்க ஆற்றல் துறை ஐடஹோ உலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஃபுகுஷிமா. எச்டிடிஆரும் பத்தாண்டு உறங்கியது. 2021 ஜூலையில்தான் மறுபடி எழுந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அணுப் பொறியாளர்களுக்கு ஹைட்ரஜன் புதிய நண்பனல்ல, பழைய எதிரி. எரிபொருள் உறையிலுள்ள சிர்கோனியம் கொதிநீராவியோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் உருவாகும். 1979இல் திரீ மைல் ஐலண்டில் அந்தக் குமிழியைப் பார்த்து அதிகாரிகள் நடுங்கினார்கள். ஃபுகுஷிமாவில் கட்டடக் கூரைகளைப் பெயர்த்ததும் அதுவே. உலைக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் ஆலையை அனுமதிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் தயங்குவதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்க முடியாது.

தன் வீட்டுத் தேவை

வெப்பப் பாதையில் இவ்வளவு நடக்கையில், ஸ்வீடனின் ஓஸ்கர்ஷாம் நிலையத்தில் 1992 முதல் ஒரு மின்னாற்பகுப்புக் கருவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொதிநீர் உலைகளில் எஃகு விரிசல் விடாமலிருக்க உலை நீரில் சிறிது ஹைட்ரஜன் கலப்பார்கள். அதற்கான ஹைட்ரஜனை அவர்களே தயாரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பழைய இரு உலைகள் மூடப்பட்டபின் கருவியின் திறன் மிஞ்சியது. 2022இல் அந்த உபரியை லிண்டே நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தமானது. யாரும் புரட்சி என்று பெயரிடாத இந்த ஏற்பாடு, அணுமின்சார ஹைட்ரஜனை வெளியாருக்கு விற்றதில் முன்னோடி.

நைன் மைல் பாயின்டின் கதையும் இதுவே. அந்த நிலையத்துக்கும் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ஹைட்ரஜன் வேண்டும்; முன்பு லாரியில் வந்தது. வாங்குபவர் வாசலிலேயே இருந்தார். ஆனால் அரசு நிதி கிடைத்ததற்குக் காரணம் அதுவல்ல. எரிவாயுவும் காற்றாலையும் மின்விலையை இறக்கியதில் கெவானி அணுமின் நிலையம் 2013இலும் வெர்மான்ட் யாங்கி நிலையம் 2014இலும் மூடப்பட்டன. நைன் மைல் பாயின்டே 2016இல் மாநில அரசின் சிறப்பு உதவியால் பிழைத்தது. மின்விலை விழும் நேரத்தில் உலையின் உற்பத்தியை இறக்காமல் வேறொன்றைத் தயாரிக்கலாமே என்பது கொள்கை வகுத்தவர்களின் யோசனை. மார்கெட்டிக்குச் சந்தையைப் பெருக்கும் வழியாகத் தெரிந்த ஹைட்ரஜன், இவர்களுக்கு உலையை மூடாமல் காக்கும் வழியாகத் தெரிந்தது.

உயர்வெப்பத்தில் நீராவியைப் பிரிக்கும் திண்ம ஆக்சைடு கலங்கள் இரு பாதைகளுக்கும் நடுவே வருபவை. வேலையில் ஒரு பங்கை வெப்பம் ஏற்பதால் மின்செலவு குறைகிறது. ஐடஹோ ஆய்வகத்தில் 2022இல் புளூம் எனர்ஜி நிறுவனத்தின் கலம் கிலோவுக்கு 37.7 யூனிட் மின்சாரம் என்ற அளவைத் தொட்டது. சாதாரண முறைக்கு 50 முதல் 55 யூனிட் வேண்டும். இதற்கு 950 டிகிரி உலை தேவையில்லை. சாதாரண உலையின் நீராவியே போதும். வெப்பவேதிச் சுழற்சிகளுக்குக் கடினமான போட்டி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு எல்லாம் வரையறைப் போராக மாறியது. 2022ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தூய ஹைட்ரஜன் கிலோவுக்கு 3 டாலர் வரை வரிச்சலுகை தந்தது. ஆனால் 2023 டிசம்பரில் வந்த வரைவு விதி, புதிதாகச் சேரும் மின்சாரத்தையே கணக்கில் எடுப்போம் என்றது. நாற்பது வயது உலை எப்படிப் புதிதாகும்? அணுமின் நிறுவனங்கள் போராடி, 2025 ஜனவரியின் இறுதி விதியில், மூடப்படும் அபாயத்திலுள்ள உலை ஒவ்வொன்றுக்கும் 200 மெகாவாட் வரை விலக்கு பெற்றன. ஆறே மாதத்தில் இன்னொரு சட்டம் சலுகையின் காலக்கெடுவையே சுருக்கியது: 2028க்கு முன் கட்டுமானம் தொடங்கிய ஆலைகளுக்கு மட்டும்.

இந்தியாவின் நிலை

பாபா அணு ஆராய்ச்சி மையம் கந்தக அயோடின் சுழற்சியிலும், 600 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உயர்வெப்ப உலையின் வடிவமைப்பிலும் நெடுங்காலம் உழைத்துள்ளது. தாமிரம் குளோரின் சுழற்சியை ஓஎன்ஜிசி ஆற்றல் மையமும் மும்பையின் வேதித் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து வளர்த்தன. அதற்கு 550 டிகிரி அளவே போதும் என்பது கவர்ச்சி. பன்னாட்டு அணுசக்தி முகமை, அணு ஹைட்ரஜனின் விலையை மதிப்பிட உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கும் ஹீப் என்ற மென்பொருளை உருவாக்கியதும் பாபா மையம்தான்.

இருந்தும் 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் அணுவுக்கு இடமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வரையறை, கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயு என்ற உச்சவரம்போடு, மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வரவேண்டும் என்கிறது. உமிழ்வை மட்டும் பார்த்தால் அணுமின்சாரம் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும். எனினும் இதை ஓரவஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். 1,000 மெகாவாட் உலை ஒன்று முழு நேரமும் ஹைட்ரஜனுக்கே உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.5 லட்சம் டன் தரும். 2030க்குள் 50 லட்சம் டன் என்ற இலக்குக்கு இத்தகைய உலைகள் 33 வேண்டும். நாட்டின் மொத்த அணுமின் திறனோ 9,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. உலகம் 2023இல் பயன்படுத்திய 9.7 கோடி டன்னுக்குக் கணக்கிட்டால் 650 உலைகள். இப்போது உலகில் ஓடுபவை சுமார் 440.

மேலும், அமெரிக்காவில் உலைகளை ஹைட்ரஜன் பக்கம் தள்ளிய நெருக்கடி இங்கே இல்லை. கூடங்குளத்தின் மின்சாரத்துக்குத் தென்மாநிலங்கள் பங்கு கேட்டு நிற்கின்றன. வாங்க ஆளில்லாத மின்சாரம் அங்கே இல்லை. வேலை தேடாத உலைக்கு ஹைட்ரஜன் வேலை கொடுப்பது, வீட்டு விளக்குக்குப் போகும் மின்சாரத்தை எடுத்து அதன் இடத்தில் நிலக்கரியை எரிப்பதாகவே முடியும்.

ஓராய்க்குத் திரும்பினால், 150 மணி நேரச் சோதனையில் கந்தக அமிலத்தைச் சூடாக்கியது பக்கத்திலிருந்த உலையல்ல. யூலிஷைப் போல அங்கும் மின்சாரம்தான். எந்த வெப்பவேதிச் சுழற்சியும் இன்றுவரை ஓர் அணுஉலையின் வெப்பத்தில் ஓடியதில்லை. அந்த இணைப்பை முதன்முறை செய்துகாட்ட ஜப்பானிய அணுசக்தி முகமையும் மிட்சுபிஷி கனரகத் தொழிலகமும் இப்போது திட்டமிட்டு வருகின்றன. உலைக்கும் வேதியாலைக்கும் இடையிலான தடுப்பு வால்வுகளும் குழாய்களும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பதால், அனுபவப்பட்ட வேதிமுறை ஒன்றையே முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பிரிக்கும் முறையல்ல அது. 1981இல் யூலிஷில் ஓடியதே, மீத்தேனை நீராவியோடு உடைப்பது. திட்டமிட்டபடி நடந்தால், எச்டிடிஆரின் வெப்பத்தில் பிறக்கும் முதல் ஹைட்ரஜனோடு கரியமில வாயுவும் வெளிவரும்.